சென்னை – பலாலி – ரத்மலானை: சிமுலேட்டர்ல பழைய ஏர்ஃபீல்டு ரூட் பறக்கறப்ப எந்தக் கோளாறுக்கு எங்க கை வைக்கணும்

ரூட் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1947 டிசம்பர் 10ஆம் தேதி இலங்கையோட ஏர் சிலோன் நிறுவனம் தன்னோட முதல் சர்வீஸை ஒரு டிசி-3ல (ரெண்டு ப்ரொப்பல்லர் இன்ஜின் வச்ச பழைய பயணி விமானம்) ஆரம்பிச்சது, கொழும்பு பக்கத்து ரத்மலானைல கிளம்பி காங்கேசன்துறை பக்கத்துல இருக்கற பலாலில எறங்கி அங்கிருந்து மெட்ராஸ். அதைத் திருப்பிப் போட்டு மீனம்பாக்கத்துல இருந்து தெக்க பறக்கறதுதான் இந்த ரூட். மொத்தமே சுமார் 370 நாட்டிகல் மைல், மேப்ல பாத்தா கிட்டத்தட்ட நேர் தெக்கு, டிசி-3ல மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்.

பாக்க சுலபமாத்தான் இருக்கு, ஆனா யார் பறந்தாலும் அதே நாலஞ்சு எடத்துலதான் மாட்டிக்கிறாங்க, கேக்கற கேள்வியும் அதேதான். அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுடறேன். உங்களுக்கு என்ன கோளாறு தெரியுதோ அந்தத் தலைப்புக்குப் போங்க, மேல இருந்து கீழ ஒவ்வொண்ணா பாத்துட்டு வாங்க, காசு செலவாகாதது மொதல்ல, செலவு வைக்கறது கடைசில. மெனு பேரெல்லாம் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020ல இருக்கற மாதிரி எழுதிருக்கேன், 2024ல சிலது எடம் மாறியிருக்கும். எக்ஸ்-பிளேன் ஆளுங்களுக்கு மெனு வேற, ஆனா பாக்கற வரிசை இதேதான்.

1. ஏர்போர்ட்டைத் தேடுனா கெடைக்க மாட்டேங்குது

*பேர் போட்டா வரல*

கோட் போட்டுத் தேடுங்க, பேரை நம்பாதீங்க. பலாலி ஒரு டேட்டாபேஸ்ல பலாலின்னு இருக்கும், இன்னொண்ணுல ஜாஃப்னா, இன்னொண்ணுல காங்கேசன்துறை, அதுலயும் ஸ்பெல்லிங் ஆளுக்கு ஒண்ணு. ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படை (ஆர்ஏஎஃப்) போட்ட ஏர்ஃபீல்டு இது, 2019 அக்டோபர் 17 அன்னைக்குத்தான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு திறந்தாங்க, அதனால உங்க டேட்டா எந்தக் காலத்துதோ அந்தப் பேர்தான் உள்ள இருக்கும். நாலெழுத்து கோட் மட்டும் அப்படியே நிக்கும்: பலாலிக்கு வி-சி-சி-ஜே, ரத்மலானைக்கு வி-சி-சி-சி, சென்னைக்கு வி-ஓ-எம்-எம்.

கோட் போட்டும் வரலையா? வேர்ல்ட் மேப்ல ஃபில்டரைப் பாருங்க. சின்ன ஏர்போர்ட்டெல்லாம் மறைஞ்சு இருக்கற மாதிரி ஃபில்டர் இருந்தா, கிட்ட ஜூம் பண்ணாத வரைக்கும் புள்ளி கூட தெரியாது.

*கொழும்புன்னு போட்டா வேற எங்கயோ போகுது*

கொழும்புன்னு தேடுனா கட்டுநாயக்கதான் மொதல்ல வந்து நிக்கும், அதோட கோட் வி-சி-பி-ஐ. ஆனா 1960கள் வரைக்கும் அந்த ஊருக்கு ரத்மலானைதான் ஏர்போர்ட்டே, 1935ல திறந்தது. கட்டுநாயக்க ஊருக்கு வடக்க, ரத்மலானை ஊருக்குத் தெக்க, தப்பா எடுத்துட்டா ஃப்ளைட் பிளானே வேற. லோட் பண்றதுக்கு முன்னாடி கோடை ஒருதடவை வாய்விட்டுப் படிச்சுப் பாத்துக்கங்க.

*கோடே கெடையாது, கைவிட்ட ஏர்ஃபீல்டு*

இதோட சேத்து உளுந்தூர்பேட்டை பாக்கணும், சோழவரம் பாக்கணும், செட்டிநாடு பாக்கணும், கயத்தாறு பாக்கணும்னு நிறைய பேர் கேக்கறாங்க. நாலும் ரெண்டாம் உலகப்போர் காலத்து ரன்வேதான். சோழவரத்துல அப்புறம் பல வருஷம் மோட்டார் ரேஸ் நடந்துச்சு, ஏர்ஃபீல்டுங்கறதை விட ரேஸுக்குத்தான் அந்த எடம் பேர் போனது. இதெல்லாம் டேட்டாபேஸ்ல ஏர்போர்ட்டா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, தேடித் தேடி நேரம் வீணாகும். வரிசை இப்படி:

மொதல்ல ஏதாவது ஒரு சாட்டிலைட் மேப்ல அந்த ரன்வேயை கண்ணால கண்டுபிடிச்சு அதோட அட்சரேகை தீர்க்கரேகையைக் காப்பி பண்ணி வேர்ல்ட் மேப் தேடல் பெட்டில போடுங்க, உளுந்தூர்பேட்டைன்னா 11.7, 79.3 போட்டாலே பக்கத்துல கொண்டு போய் விட்டுரும். ஏர்போர்ட்டா வராட்டியும் அந்தப் புள்ளியைக் கிளம்புற எடமா வச்சா வானத்துல இருந்து ஆரம்பிக்கலாம், இல்ல வழில கடந்து போற ஒரு புள்ளியா (வேபாயின்ட்) போட்டுக்கலாம். சாட்டிலைட் படத்துல ரன்வே கோடு தெரியும், மேல பறந்து பாக்கறதுக்கு அது போதும்.

எறங்கியே ஆகணும்னா ரெண்டாவது படி, யாராவது இலவசமா செஞ்சு போட்டிருக்காங்களான்னு தேடுங்க. மூணாவது, நீங்களே செய்யலாம், எஸ்டிகே (சிமுலேட்டருக்குப் புதுசா செஞ்சு சேக்கற டூல்) இலவசம்தான், ஒரு ரன்வேயும் அதுக்கு அடில தரையை சமமாக்கற ஒரு பாலிகனும் (எல்லைக்கோடு) போட ஒரு ஞாயித்துக்கிழமை போதும், எக்ஸ்-பிளேன்ல வேர்ல்டு எடிட்டரும் இலவசம். அதுக்கு மேல கட்டடம், ஹேங்கர், அந்தக் காலத்து டவர் எல்லாம் அச்சு அசலா வேணும்னா அப்பதான் சீனரி டெவலப்பர் கிட்ட போகணும், பழைய ஃபோட்டோ கையில இல்லாம போகாதீங்க, ஏன்னா அவர் உங்க கிட்ட கேக்கற மொத விஷயமே அதுதான்.

2. ஏர்போர்ட் இருக்கு, ஆனா ரன்வே கண்றாவியா இருக்கு

இதுதான் இந்த ரூட்ல அதிகம் வர்ற கோளாறு, கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

*ரன்வேல மேடு பள்ளம், நடுவுல திடீர்னு ஒரு சுவர்*

ஒரு விஷயம் மனசுல வச்சுக்கங்க, யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க தட்டை நிலம், பலாலி கடல் மட்டத்துல இருந்து சுமார் 10 மீட்டர் உயரம்தான். அங்க ரன்வேல மேடு தெரிஞ்சா அது நிலத்தோட குணம் இல்ல, டேட்டா கோளாறு, சந்தேகமே வேணாம்.

அ) சிமுலேட்டரை முழுசா மூடிட்டுத் திறங்க. லோட் ஆகறப்ப நெட் கட் ஆகியிருந்தா தரை பாதி மட்டும் வந்து நிக்கும்.

ஆ) ஆப்ஷன்ஸ்ல டேட்டா பக்கம் போய் ஆன்லைன் வேர்ல்டு டேட்டா ஆன்ல இருக்கான்னு பாருங்க. சர்வர் கனெக்‌ஷன் போனா சில சமயம் அதுவே ஆஃப் ஆகிடும், திரும்ப தானா ஆன் ஆகாது.

இ) அதே பக்கத்துல ரோலிங் கேஷ் (டவுன்லோட் ஆன தரைப் படத்தை டிஸ்க்ல சேத்து வைக்கற ஃபைல்) இருக்கும், டெலிட் பண்ணிட்டு புதுசா உருவாக்குங்க. முன்ன நல்லா இருந்த எடம் ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் கோணலாச்சுன்னா பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஈ) கம்யூனிட்டி ஃபோல்டரை (நீங்க தனியா சேத்த ஆட்-ஆன் எல்லாம் இருக்கற எடம்) வேற எடத்துக்கு நகத்தி வச்சுட்டு காலி ஃபோல்டரோட ஒருதடவை ஓட்டிப் பாருங்க. சரியாச்சுன்னா குத்தவாளி உள்ளதான் இருக்கான். ஒவ்வொண்ணா திரும்பப் போட்டா விடிஞ்சிரும், பாதி பாதியா போடுங்க: பாதியைப் போட்டு கோளாறு வந்தா அந்தப் பாதிக்குள்ள தேடுங்க, வரலைன்னா மத்தப் பாதி.

இந்த நாலும் முடியற வரைக்கும் ரீஇன்ஸ்டால்ங்கற வார்த்தையே வேணாம். மொத்தமும் திரும்ப டவுன்லோட் பண்ணி ஒரு நாளே போய், கடைசில அதே கம்யூனிட்டி ஃபோல்டரை அப்படியே திரும்பப் போட்டு அதே மேடு வந்து நிக்கற கதையை நிறைய பாத்தாச்சு.

*ரன்வே மேல மரம், வீடு*

காடு வளந்த பழைய ஏர்ஃபீல்டுல சாட்டிலைட் படத்தைப் பாத்து சிமுலேட்டர் தானாவே மரம் வைக்கும், கட்டடம் வைக்கும். டேட்டால ரன்வே எல்லை கம்மியா இருந்தா மிச்ச எடத்துல தோப்பு மொளைக்கும். செட்டிங் மாத்தி இது போகாது. ஆட்-ஆன் ஏர்போர்ட்டா இருந்தா அதைச் செஞ்சவருக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் எடத்தோட கோஆர்டினேட்டும் அனுப்புங்க, சிமுலேட்டரோட கூடவே வந்ததா இருந்தா எஸ்டிகேல அந்த எடத்துக்கு மட்டும் மரத்தை விலக்கற ஒரு பாலிகன் போட்டா முடிஞ்சுது. அவசரத்துக்கு ரன்வேயோட அடுத்த முனைல இருந்து எறங்கிட்டுப் போங்க, டிசி-3க்கு எவ்வளவு தூரம் வேணும்? பலாலில இப்ப பயன்படுத்தற நீளமே 1,400 மீட்டர் கிட்டதான், அதுலயே தாராளமா நிக்கும், பெரிய ஜெட்டை எடுத்துட்டு வர்றவங்கதான் யோசிக்கணும்.

*ரெண்டு ரன்வே ஒண்ணு மேல ஒண்ணு, லைட்டு அந்தரத்துல தொங்குது*

ஒரே ஏர்போர்ட்டுக்கு ரெண்டு ஆட்-ஆன் போட்டிருக்கீங்க, வேற எதுவும் இல்ல. சென்னைல இது சகஜம், இலவசம் ஒண்ணு, காசு குடுத்து வாங்குனது ஒண்ணு. ஒண்ணைத் தூக்குங்க.

3. தரை மங்கலா இருக்கு, கிட்ட வந்தப்புறம்தான் தெளியுது

மொதல்ல நெட் ஸ்பீடைப் பாருங்க. 2020க்கு குறைஞ்சது 5 எம்பிபிஎஸ்னு சொல்லியிருக்காங்க, 20 இருந்தா நல்லது, 50 இருந்தா கவலையே இல்ல. கேபிள் போட்டு ஒருதடவை ஓட்டுங்க, வைஃபைல மட்டும்தான் மங்கல்னா ரவுட்டரை நகத்தி வைக்கறதோட வேலை முடிஞ்சுது. வீட்ல வேற யாரோ படம் பாத்துட்டு இருந்தா அதையும் நிறுத்திப் பாருங்க.

ஸ்பீடு இருக்கு, இருந்தும் மங்கல்னா டேட்டா பக்கத்துல பேண்ட்வித் லிமிட் ஏதாவது வச்சிருக்கீங்களா, டெரெய்ன் டீட்டெய்ல் ரொம்ப கீழ இருக்கா, இந்த ரெண்டும். அப்புறம் டிஸ்க், பழைய ஹார்ட் டிஸ்க்ல சிமுலேட்டர் இருந்தா எஸ்எஸ்டிக்கு மாத்துனதுமே வித்தியாசம் தெரியும், இந்தத் தலைப்புல செலவுன்னா அதுதான். கடலூர்ல தெளிவா இருக்கு, யாழ்ப்பாணம் தாண்டி தீவுப் பக்கம் மட்டும் மங்கல்னா அது உங்க கம்ப்யூட்டர் கோளாறே இல்ல, அந்த எடத்து சாட்டிலைட் படமே அவ்வளவுதான், விட்டுருங்க.

நெட் ஸ்பீடு நாள் பூரா ஏறி எறங்கிட்டே இருக்கு, மத்த ஆன்லைன் வேலையும் தடுமாறுதுன்னா லைன் குடுத்தவங்களைக் கூப்பிடுங்க, சிமுலேட்டரைத் தொடாதீங்க.

4. படம் தடுக்கித் தடுக்கி ஓடுது

எங்க தடுக்குதுன்னு மொதல்ல கவனிங்க, பதில் அதுலயே இருக்கு.

*மீனம்பாக்கத்துல மட்டும் தடுக்குது, கடலுக்கு மேல வழவழன்னு போகுது*

ஊர் கனம். டெவலப்பர் மோடை ஆன் பண்ணி எஃப்பிஎஸ் டிஸ்ப்ளேவைப் போடுங்க. லிமிடெட் பை மெயின்த்ரெட்னு வந்தா சுமை சிபியு மேல, டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்லையும் ட்ராஃபிக்கையும் கொறைங்க. ஜிபியுன்னு வந்தா ரெண்டர் ஸ்கேலிங்கையும் மேகத்தையும் கொறைங்க. இதைப் பாக்காம கிராஃபிக்ஸ் கார்டு வாங்க ஓடறவங்களை என்ன சொல்றது, மெயின்த்ரெட் சிக்கலுக்கு எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அதே தடுக்கல்தான்.

*மொத அரை மணி நேரம் நல்லா இருக்கு, அப்புறம் தடுக்குது*

சூடு. டெம்பரேச்சர் காட்டற புரோகிராம் ஒண்ணு ஓட விட்டுட்டுப் பறங்க. லேப்டாப்னா பவர் மோடையும் சார்ஜர் சொருகியிருக்கான்னும் பாருங்க, அடிப்பக்கம் காத்து போக வழி இருக்கான்னும் பாருங்க. டெஸ்க்டாப்னா ஃபேன்ல இருக்கற தூசியை ஊதி எடுங்க. தூசியை எடுத்தும் சூடு எறங்கலைன்னா தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கும், டெஸ்க்டாப்ல கை பழக்கம் இருந்தா நீங்களே மாத்தலாம், லேப்டாப்பைக் கடைல குடுத்துருங்க.

*எல்லா எடத்துலயும் சீரா இல்லாம ஒரு நொடி நின்னு நின்னு போகுது*

ரேம் நெறைஞ்சிருச்சான்னு டாஸ்க் மேனேஜர்ல பாருங்க. 16 ஜிபி இருந்து பிரவுசர்ல அம்பது டேப் தொறந்து வச்சிருந்தா மூடுங்க, அப்பவும் நெறைஞ்சா 32 போடறது நியாயமான செலவு.

5. டேக்ஆஃப்ல விமானம் இடது பக்கமா இழுக்குது

டிசி-3ல கொஞ்சம் இழுக்கறது கோளாறு இல்ல, அந்த விமானமே அப்படித்தான், வால் சக்கர விமானம், ரெண்டு ப்ரொப்பல்லரும் ஒரே பக்கம் சுத்துது. வலது ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பற வால் துடுப்பு) குடுத்துட்டே போகணும், த்ராட்டிலை ஒரே அடியா தள்ளாம மெல்லத் தள்ளணும். கிளம்பறதுக்கு முன்னாடி நேரா நின்னு வால் சக்கரம் திரும்பாம பூட்டற டெயில்வீல் லாக்கைப் போட்டீங்களான்னு மட்டும் பாருங்க, இழுக்குதுன்னு சொல்றவங்கள்ல நெறைய பேர் அதைத்தான் போட்டிருக்க மாட்டாங்க.

அதெல்லாம் சரியா இருந்தும் ரன்வேயை விட்டே வெளிய போகுதுன்னா கீழ இருக்கற வரிசை.

காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குது? லைவ் வெதர்ல பறந்தா ஒருதடவை காத்தே இல்லாத கிளியர் ஸ்கைஸ் போட்டுப் பாருங்க. அதுல நேரா போச்சுன்னா பறக்கற கைதான் பழகணும்.

கன்ட்ரோல்ஸ் பக்கத்துல ரட்டர் எத்தனை கருவிக்கு பைண்ட் ஆகியிருக்குன்னு பாருங்க. ஜாய்ஸ்டிக்கோட ட்விஸ்ட்டுக்கும் ஒரு ரட்டர், பெடலுக்கும் ஒரு ரட்டர், ஓரத்துல சொருகி வச்சு மறந்துபோன கேம் கன்ட்ரோலருக்கும் ஒரு ரட்டர்னு இருக்கும். மூணு பேர் ஒரே ஸ்டியரிங்கைப் புடிச்சா வண்டி எங்க போகும்? ஒண்ணைத் தவிர மத்ததை அழிச்சிருங்க.

சென்சிட்டிவிட்டி பக்கத்துல கையை எடுத்துட்டு பாருங்க, கோடு நடுவுல நிக்கணும். நிக்காம ஒரு பக்கம் சாஞ்சு நடுங்குனா டெட்சோன் (நடுவுல சின்ன அசைவைக் கண்டுக்காத அளவு) கொஞ்சம் வைங்க, விண்டோஸ்ல மறுபடி காலிபரேட் பண்ணுங்க. டெட்சோனை ஏத்திட்டே போக வேண்டியிருக்குன்னா உள்ள அசைவை அளக்கற பொட்டென்ஷியோமீட்டர் தேஞ்சிருக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடைல கெடைக்கற கான்டாக்ட் கிளீனர் அடிச்சா கொஞ்ச நாள் ஓடும். வாரன்டி இருந்தா பிரிக்காதீங்க, நேரா சர்வீஸுக்கு அனுப்புங்க. வாரன்டி முடிஞ்சிருந்தா, புதுசு வாங்கறப்ப காந்தத்தை வச்சு அளக்கற ஹால் சென்சார் இருக்கற மாடலா பாத்து வாங்குங்க, அது உரசித் தேயற ரகம் இல்ல.

6. கோடு மாதிரி போட்ட ரூட், ஆனா பலாலி வர வேண்டிய எடத்துல வெறும் கடல்

எனக்குப் புடிச்ச கோளாறு இது, ஏன்னா இதுல பாதி கம்ப்யூட்டரே இல்ல, பைலட் வேலை.

*வெளிய பாத்தா எழுவைதீவு, நெடுந்தீவு பக்கம் நிக்கறோம்*

மேற்கே தள்ளியிருக்கு, வடகிழக்குப் பருவக்காத்து. கணக்கு சிம்பிள், 140 நாட் வேகத்துல நேர் தெக்க மூக்கை வச்சுட்டு, வடகிழக்குல இருந்து 20 நாட் காத்து அடிச்சா, சென்னைல இருந்து பலாலி வர்றதுக்குள்ள 17, 18 நாட்டிகல் மைல் மேற்க தள்ளிரும். மூக்கை ஒரு ஆறு டிகிரி இடது பக்கம், அதாவது கிழக்க திருப்பி வச்சா சரியாகும். தென்மேற்குப் பருவத்துல இதே கதை தலைகீழ், பருத்தித்துறைக்கும் கிழக்க போய் நிப்பீங்க.

இதுக்கு நான் சொல்ற வைத்தியம் காத்துக் கணக்கே இல்ல, ரூட்டை மாத்துங்கன்னுதான். சென்னை–பலாலி நேர்கோடு சுமார் 192 நாட்டிகல் மைல், அது மாமல்லபுரம் தாண்டி கொஞ்ச தூரத்துல கரையை விட்டு விலகிரும், மிச்சம் முழுக்க கடல் மேலதான் ஓடும், கண்ணுக்குப் புடிமானமே இல்ல. அதை விட்டுட்டு மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணின்னு கரையை வலது ஜன்னல்ல வச்சுட்டே கோடியக்கரை வரைக்கும் வந்து, அங்க தரை முடியற மூலைல இருந்து சுமார் 157 டிகிரில திரும்புனா பலாலி வெறும் 32 நாட்டிகல் மைல், பதினாலு நிமிஷம். மொத்த தூரம் ஆறேழு நாட்டிகல் மைல்தான் கூடும். கோடியக்கரைல வாட்சைப் பாத்துக்கங்க, இருபது நிமிஷம் ஆகியும் கரை தெரியலைன்னா திசை காட்டற ஜைரோ மீட்டரைப் பாருங்க.

*காத்தே இல்ல, இருந்தும் விலகுது*

அதான் ஜைரோ. பழைய டிசி-3ல டைரக்‌ஷனல் ஜைரோ தானா நகந்துட்டே இருக்கும், கால் மணிக்கு ஒருதடவை விமானத்தை நேரா சமமா வச்சுட்டு மேக்னெட்டிக் காம்பஸ்ஸைப் பாத்து சரி பண்ணணும். 2020ல கீபோர்டுல D அழுத்துனா போதும். இந்தப் பக்கம் காந்த விலக்கம் (நிஜ வடக்குக்கும் காம்பஸ் காட்டற வடக்குக்கும் இருக்கற வித்தியாசம்) ரொம்ப கம்மி, அதனால அதைப் போட்டுக் குழப்பிக்க வேணாம், விலகல் பெருசா இருந்தா ஜைரோ இல்லைன்னா காத்து.

*ரேடியோ ஊசி செத்துக் கெடக்கு*

ஃப்ரீக்வென்சி சரியா, வால்யூமை ஏத்தி ஐடென்ட் (நிலையத்தோட அடையாள ஒலி) கேக்குதா, அதைப் பாருங்க. கேக்கலைன்னா உயரத்தைப் பாருங்க, விஓஆர் (திசை காட்டற தரை ரேடியோ நிலையம்) நேர்பார்வைல இருந்தாத்தான் எட்டும், 6,000 அடில 95 நாட்டிகல் மைல் சுமார், அதனால ரூட் நடுவுல ஊசி சாகறது இயல்பு, கோளாறு இல்ல. ஏர்போர்ட் மேலயே நின்னும் வரலைன்னா அங்க இருந்த பழைய என்டிபியை (விஓஆருக்கு முந்தின ரகத்து ரேடியோ நிலையம்) நிஜத்துலயே எடுத்திருப்பாங்க, டேட்டால இருந்தும் போயிருக்கும். பழைய சார்ட்டைப் பாத்து ஃப்ரீக்வென்சி போடறவங்களுக்கு இது அடிக்கடி வரும். நேவிகேஷன் டேட்டா 28 நாளுக்கு ஒருதடவை மாறும், அதனால புது டேட்டா சந்தா வாங்குனா பழைய என்டிபி திரும்ப வந்துடும்னு நெனைச்சு காசு போடாதீங்க, இன்னும் ரெண்டு காணாமத்தான் போகும்.

*ஆட்டோபைலட் ரூட்டைப் பின்தொடர மாட்டேங்குது*

எந்த டிசி-3 எடுத்தீங்க? பழைய காக்பிட் இருக்கற ரகத்துல இருக்கறது ஸ்பெரி ஜைரோபைலட், அது நீங்க வச்ச திசையைப் புடிச்சுட்டு நிக்கும், அவ்வளவுதான், ரூட்டெல்லாம் அதுக்குத் தெரியாது. ரூட் வேணும்னா புது ஏவியானிக்ஸ் (மின்னணுக் கருவி) போட்ட ரகத்தை எடுங்க, அதுல ஜிபிஎஸ்லயா விஓஆர்லயா இருக்குன்னு ஸ்விட்சைப் பாருங்க.

7. நடுவானத்துல இன்ஜின் இருமுது

எரிபொருள் செலக்டர் மொதல்ல. டிசி-3ல நாலு டேங்க், ரெண்டு மெயின், ரெண்டு ஆக்ஸிலரி, ஒரு பக்கம் காலியான டேங்க்ல விட்டுட்டு கரையை வேடிக்கை பாத்துட்டு வந்தா ஒரு இன்ஜின் மட்டும் இருமும். ரெண்டும் சேந்து இருமுனா டேங்க் இல்ல, மிக்ஸ்ச்சர் லீவரைப் பாருங்க, ஏறுனப்ப லீன் பண்ணி (எரிபொருளைக் கொறைச்சு) வச்சதை எறங்கறப்ப ரிச் பண்ணாம விட்டிருப்பீங்க.

மேனிஃபோல்ட் பிரஷர் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தம்) மெல்ல மெல்ல எறங்கிட்டே வருது, த்ராட்டிலைத் தொடவே இல்லைன்னா கார்புரேட்டர்ல ஐஸ். நம்ம ஊர் வெயில்ல ஐஸான்னு சிரிக்காதீங்க, ஈரக்காத்துல வெளிய 20 டிகிரி இருந்தாலும் உள்ள ஐஸ் புடிக்கும், நவம்பர் டிசம்பர்ல மேகத்துக்குள்ள போறப்ப சிமுலேட்டர் அதையும் விடாது. கார்ப் ஹீட்டைப் போடுங்க, போட்ட ஒடனே இன்னும் மோசமா இருமும், பயந்து எடுத்துராதீங்க, கொஞ்ச நேரத்துல பிரஷர் திரும்ப ஏறும்.

மூணும் இல்லைன்னா அசிஸ்டன்ஸ் மெனுல இன்ஜின் டேமேஜ் ஆன்ல இருக்கான்னு பாருங்க, ரொம்ப நேரம் முழு பவர்ல ஓட்டியிருந்தா நிஜமாவே இன்ஜின் போயிருக்கும்.

8. ஆல்டிமீட்டர் ஒண்ணு சொல்லுது, தரை ஒண்ணு சொல்லுது

கீபோர்டுல B அழுத்துங்க, ஆல்டிமீட்டர் (உயரங்காட்டி) அந்த எடத்துக் காத்தழுத்தத்துக்கு சரியாகிடும். அவ்வளவுதான். வங்காள விரிகுடால தாழ்வு நிலை இருக்கற நாள்ல லைவ் வெதர் போட்டுப் பறந்தா காத்தழுத்தம் 1013 மில்லிபார்ல இருந்து 1000க்கு எறங்கியிருக்கலாம், அதை மாத்தாம விட்டா சுமார் 350 அடி உயரமா இருக்கறதா மீட்டர் பொய் சொல்லும். தட்டையான பலாலில அந்த 350 அடின்னா, எறங்கறதுக்கு முன்னாடி ரன்வேயைச் சுத்தி வர்ற சர்க்யூட் உயரத்துல மூணுல ஒரு பங்கு.

9. ரன்வேன்னு நெனைச்சு எறங்குனா வேற எடம்

மும்பை பக்கம் டாட்டாவோட 1932 தபால் ரூட்டைப் பறக்கறவங்க அதிகம் கேக்கறது இது, கராச்சி, அகமதாபாத், ஜுஹு, பெல்லாரி, மெட்ராஸ்னு போகும் அந்த ரூட். ஜுஹுவும் பெரிய ஏர்போர்ட்டும் பக்கத்துப் பக்கத்துல, ஒண்ணோட ரன்வே எண் 08, இன்னொண்ணோடது 09 (எண் ரன்வேயோட திசையைக் குறிக்கும்), வானத்துல இருந்து பாத்தா ஏமாத்தும். 1972ல ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 ஒண்ணு நிஜமாவே ஜுஹுல எறங்கிருச்சு, அதனால நீங்க வெக்கப்பட வேணாம். ஐஎல்எஸ் (ரன்வேக்கு நேரா எறக்கி விடற ரேடியோ வழிகாட்டி) இருக்கற எடத்துல அதை ட்யூன் பண்ணி வச்சுக்கங்க, கண்ணால மட்டும் பாத்து எறங்கற ஏர்ஃபீல்டுன்னா ரன்வே நீளத்தையும் பக்கத்துல என்ன ரோடு, என்ன ஏரின்னும் முன்னாடியே மேப்ல பாத்து வைங்க.

10. போய் சேர்றதுக்குள்ள இருட்டிருச்சு, ரன்வேல லைட்டே இல்ல

நேரத்தை ஜூலுல (உலகப் பொது நேரம்) வச்சிருப்பீங்க, அதுக்கும் நமக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். லோக்கல் டைமுக்கு மாத்தி காலைல கிளம்புங்க. சின்ன ஏர்ஃபீல்டுல டேட்டால லைட்டே இருக்காது, அதுக்குன்னு எந்த செட்டிங்கும் கெடையாது.

11. பாதி வழில சிமுலேட்டர் தானா மூடிக்குது

மறுபடி திறக்கறப்ப சேஃப் மோட் கேட்டா எஸ் குடுங்க, அதே எடத்துக்குப் போங்க. மூடலைன்னா ஆட்-ஆன், ரெண்டாவது தலைப்புல சொன்ன பாதிப்பாதி வேலையைப் பண்ணுங்க. சேஃப் மோட்லயும் மூடுதுன்னா கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிங்க, புதுப்பிச்ச அன்னைக்குத்தான் ஆரம்பிச்சதுன்னா பழைய டிரைவருக்குத் திரும்புங்க. ஓவர்கிளாக் இருந்தா எடுத்துருங்க, மத்த கேம் நல்லா ஓடுதேன்னு வாதாடாதீங்க, இது அதெல்லாத்தையும் விட மெஷினைப் பிழியும். பேஜ் ஃபைலை விண்டோஸ் கிட்டயே விட்டுருங்க.

அதுக்கப்புறமும் மூடுனா ஈவென்ட் வியூவர்ல அந்த நேரத்துப் பதிவைப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபைல் பேர் வந்தா அதை வச்சுத் தேடுங்க, தடவைக்கு ஒரு பேர் வந்தா ரேம் மேல சந்தேகப்படுங்க, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ராத்திரி ஓட விட்டுப் படுங்க. சிமுலேட்டர் மட்டும் மூடாம கம்ப்யூட்டரே பட்டுன்னு அணைஞ்சு போகுது, இல்ல தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னா சாஃப்ட்வேர்ல நோண்டறதை அங்கயே நிறுத்திடுங்க, அது பவர் சப்ளையோ சூடோ, பவர் சப்ளையை வீட்ல பிரிக்கற வேலை ஆகாது, டெக்னீஷியன் கிட்ட எடுத்துட்டுப் போங்க, போறப்ப எந்த எடத்துல, எத்தனை நிமிஷத்துல அணைஞ்சதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, அவருக்குப் பாதி நேரம் மிச்சம்.